நீலகிரி இறக்கத்தில் ஒரு மழை நாள்: சைக்கிள் குழுவில் நேர்ந்த குளிர் பாதிப்பு (நிகழ்வு ஆய்வு)

அக்டோபர் இறுதியில், ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த 13 பேர் கொண்ட சைக்கிள் குழுவில் ஒருவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது. குழுவிலேயே வேகமாக ஓட்டுபவர் அவர்தான். மெதுவாக, பின்தங்கி வந்தவர்களில் ஒருவருக்கும் அப்படி நேரவில்லை. ஏன் அப்படி என்று தேடியபோது கிடைத்த விடை, குழுவாக ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

அன்று நான் வரிசையின் கடைசி ஆளாக ஓட்டினேன். முன்னால் நடந்தவற்றைக் குழுவினர் சொன்னதைக் கேட்டும், செல்பேசிகளில் பதிவான நேரங்களை ஒப்பிட்டும் எழுதியிருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் இதைப் படித்துப் பார்த்துச் சம்மதம் தந்திருக்கிறார்.

பின்னணி

பயணம் திருச்சியில் தொடங்கி, கரூர், கோவை, மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கி, சத்தியமங்கலம், ஈரோடு, கரூர் வழியாகத் திருச்சி திரும்புவது. மொத்தம் சுமார் 600 கி.மீ., எட்டு நாள். லாப நோக்கமில்லாத குழு. 24 வயது முதல் 58 வயது வரை ஆண்கள் ஒன்பது பேர், பெண்கள் நான்கு பேர். எல்லோரும் 100 கி.மீ. தூரத்தை ஒரே நாளில் ஓட்டிப் பழகியவர்கள். ஆனால் அந்தப் பழக்கம் முழுவதும் சமவெளி வெயிலில் வந்தது. மலை மழையில் நீண்ட இறக்கம் ஓட்டிய அனுபவம் 52 வயதுப் பெண் ஒருவருக்கு மட்டுமே இருந்தது.

மூட்டைகளை ஏற்றிச் செல்ல ஒரு வேன் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேன் முன்னதாகக் கிளம்பி அடுத்த உணவு இடத்தில் காத்திருக்கும். ஐந்தாம் நாளான அன்று அந்த இடம் மேட்டுப்பாளையம். அதாவது, மாற்றுத்துணி அனைத்தும் குழுவுக்கு 60 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில், குளிரே இல்லாத ஊரில் இருக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாலை பிரியும் இடங்களில் முதலில் வருபவர் நின்று, கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் வழிதவறக் கூடாது, யாரும் தனியாக விடப்படக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. நான்கு நாளும் அது குறையின்றி வேலை செய்தது.

புறப்படும் முடிவு

முந்தைய நாள் மாலை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் நீலகிரியில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும் என்று இருந்தது. கனமழை என்பதற்கு 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை என்று பொருள். வடகிழக்குப் பருவத்தில் மலையின் கிழக்குச் சரிவான குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நல்ல மழை பெறுவது புதிதல்ல. 2009 நவம்பரில் இதே சரிவில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் பலர் உயிரிழந்தனர்.

காலை 7 மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். அப்போது மூடுபனியும் சாரலும் இருந்தன. வேனின் முகப்பில் வெப்பநிலை 12 டிகிரி என்று காட்டியது. குழுவை வழிநடத்திய 46 வயதுக்காரர் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். 8 மணியளவில் சாரல் ஏறக்குறைய நின்றது. மதியத்துக்கு மேல் மழை வலுத்தால் மலைப்பாதையில் மாட்டிக்கொள்வோம், அதற்குள் இறங்கிவிடுவதே பாதுகாப்பு என்பது அவர் சொன்ன காரணம். சத்தியமங்கலத்தில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்ததும் பேச்சில் வந்தது. இருவர் ஒரு நாள் தங்கிவிடலாம் என்றனர். மற்றவர்கள் கிளம்பலாம் என்றனர். 8.20க்குப் புறப்பட்டோம். வேன் அதற்கு முன்பே குன்னூர் சாலை வழியாக இறங்கத் தொடங்கிவிட்டது.

நிலச்சரிவு, வழுக்கல், பிரேக், மூடுபனியில் விளக்கு, எதிரே வரும் பஸ் என்று அன்று காலை பேசிய ஆபத்துகள் அனைத்தும் உண்மையானவை. குளிரைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு வெயிலும் தாகமும்தான் எதிரிகள். குளிர் என்றால் கொஞ்சம் நடுங்கும், டீ குடித்தால் சரியாகிவிடும் என்பதே பொதுவான எண்ணம்.

தொட்டபெட்டா சந்திப்பு

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரிக்கு இறங்க வேண்டுமென்றாலும் முதலில் தொட்டபெட்டா சந்திப்புவரை ஏறியாக வேண்டும். அந்த ஏற்றத்தில் எல்லோரும் மழைக்கோட்டுக்குள் வியர்த்துப்போனார்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்வை வெளியேற வழியில்லை. உள்ளே போட்டிருந்த பருத்திப் பனியன்கள் மழை பெய்வதற்கு முன்பே நனைந்துவிட்டன.

27 வயதுடைய, ஒல்லியான உடல்வாகு கொண்ட அந்த இளைஞர் 9 மணிக்குச் சந்திப்பை அடைந்தார். 31 வயதுடைய அவருடைய நண்பர் உடன் வந்தார். கடைசியாக நானும் 58 வயதுக்காரரும் வந்தபோது 9.26. இடையில், 9.10க்கு, மழை பிடித்துக்கொண்டது. சாலையோரக் கடைகள் திறக்கவில்லை. ஒதுங்க இடமில்லாமல், வியர்வையில் நனைந்த உடம்போடு, மேட்டில் வீசும் காற்றில் இருவரும் 26 நிமிடம் நின்றார்கள்.

நாங்கள் வந்தவுடன் அவர்கள் கிளம்பினார்கள். நாங்கள் அப்போதுதான் ஏறி வந்த சூட்டோடு இருந்தோம், அவர்கள் ஏற்கெனவே குளிர்ந்துபோயிருந்தார்கள். இந்த வேறுபாடு அப்போது யார் கண்ணிலும் படவில்லை. 13 பேரும் ஒரே மழையில்தான் இருக்கிறோம் என்றே நினைத்தோம்.

இறக்கம்

ஏற்றத்தில் உடம்பு தானே அடுப்பாக எரிகிறது. இறக்கத்தில் கால் மிதிப்பதில்லை, வெப்பம் பிறப்பதில்லை, ஆனால் 30, 40 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பனியன் தோலோடு ஒட்டியிருக்க, 12 டிகிரியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

சந்திப்பிலிருந்து சில கிலோமீட்டர் கீழே, பின்வரிசையில் வந்த 34 வயதுக்காரர் ஒரு வளைவில் விழுந்தார். சாலையில் உதிர்ந்து நனைந்து கிடந்த தைல மர இலைகள் மீது அவருடைய முன்சக்கரம் வழுக்கியது. வேகம் குறைவு, முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அவருடைய சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், அதன் பிறகுதான் பிடிக்கும். அதற்குள் சக்கரம் சில சுற்றுகள் சுற்றிவிடும். தொட்டுப் பார்த்தபோது, ஊட்டியில் பாதிக்கு மேல் இருந்த கட்டை, மணலும் நீரும் சேர்ந்து அரைத்ததில் உலோகம் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. காயத்துக்குக் கட்டுப் போட்டு, பிரேக்கை இறுக்கி, அவரை மெதுவாக வரச் சொல்லிக் கிளம்ப எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது.

முன்னால் போனவர்களுக்கு இது தெரியாது. அடுத்த கிளைச்சாலை பிரியும் இடத்தில் விதிப்படி அவர்கள் நின்றார்கள், இம்முறை 24 நிமிடம். செல்பேசிகள் பிளாஸ்டிக் உறைக்குள், மூடிய பையில் இருந்தன. அழைத்தாலும் கேட்டிருக்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த இளைஞர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். பேசவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர் என்பதால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து கட்டபெட்டு வரையான பகுதியில் அவர் ஒரு வளைவில் திரும்பாமல் எதிர்ப்பக்கம்வரை போய்விட்டதை நண்பர் பார்த்தார். விரல்களால் பிரேக்கை இழுக்க முடியவில்லை என்று பிறகுதான் அவர் சொன்னார். அந்த நேரத்தில் எதிரே வண்டி வரவில்லை.

கட்டபெட்டில் கண்டவை

10.45க்குக் கட்டபெட்டு வந்தோம். குன்னூரிலிருந்து வரும் சாலையும் ஊட்டியிலிருந்து வரும் சாலையும் சேரும் சிறிய ஊர் அது. ஒரு டீக்கடை திறந்திருந்தது. எல்லோரும் உள்ளே நுழைந்து டீயும் வர்க்கியும் சொன்னார்கள். அந்த இளைஞர் மட்டும் வாசலிலேயே நின்று தலைக்கவசத்தின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொக்கி ஓர் இடத்தில் இருக்க, அவருடைய கட்டைவிரல் அதற்கு ஓர் அங்குலம் தள்ளி வாரை அழுத்தியது. மறுபடியும் அதே இடத்தை அழுத்தியது. இடம் தவறுகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

இதைக் கவனித்தவர் அந்த 52 வயதுப் பெண். “தம்பி, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள் பார்ப்போம்” என்றார். அவரால் முடியவில்லை. “இன்று நாம் எந்த ஊரில் தங்குகிறோம்?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை அக்கா” என்று பதில் வந்தது, நாக்குக் குழறியது. உடல் உதறிக்கொண்டிருந்தது. உதடுகள் வெளிறியிருந்தன.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதை மருத்துவம் ஆபத்தாகக் கருதுகிறது. விடாத நடுக்கம், விரல் தடுமாற்றம், பேச்சுக் குழறல், மந்தமான பதில் ஆகியவை அதன் தொடக்க அடையாளங்கள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குழுவின் முதலுதவிப் பெட்டியில் ஒரு பாதரச வெப்பமானி இருந்தது, ஆனால் அதன் அளவுகோல் 35இல்தான் தொடங்குகிறது. காய்ச்சல் பார்ப்பதற்காகச் செய்த கருவி அது. ஆகவே அன்று அவருடைய உடல் வெப்பம் எத்தனை டிகிரிவரை இறங்கியது என்பதற்கு அளவு எதுவும் இல்லை. அடையாளங்களை வைத்தே முடிவெடுத்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, யாரும் இனி ஓட்ட வேண்டாம் என்பது. கோத்தகிரி இன்னும் பத்து கிலோமீட்டருக்குள்தான், மெதுவாகப் போய்விடலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். வழிநடத்தியவர் மறுத்துவிட்டார். ஒருவருக்கு வந்தது மற்றவர்களுக்கும் பாதி வழியில் இருக்கலாம் என்றார். உடனே எல்லோரையும் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னார். இன்னும் இருவரால் சரியாகத் தொட முடியவில்லை. அவர்களில் ஒருவர் முன்வரிசையில் காத்து நின்ற நண்பர். அதன் பிறகு விவாதம் எழவில்லை.

இரண்டாவது, ஈரத்துணியைக் கழற்றுவது. டீக்கடை அம்மா கடைக்குப் பின்னால் இருந்த தம் வீட்டு அறையைத் திறந்துவிட்டார். தேயிலைச் சாக்குகளைத் தரையில் விரித்து அதன்மேல் இளைஞரைப் படுக்கவைத்தோம். கீழிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது மேலே போர்த்துவதைப் போலவே முக்கியம். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கம்பளிச் சட்டைகளும் போர்வைகளும் வந்தன. ஊர்பேர் கேட்காமல் கொடுத்தார்கள். தலையையும் கழுத்தையும் சுற்றி மூடினோம். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி அக்குள்களிலும் மார்பின் மேலும் வைத்தோம்.

செய்யாமல் விட்டவற்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் அவற்றையே எல்லோரும் ஆவலோடு பரிந்துரைத்தார்கள். கை கால்களைத் தேய்த்துவிடவில்லை, கைகளை வெந்நீரில் முக்கவும் இல்லை, அடுப்பின் பக்கத்தில் உட்காரவைக்கவும் இல்லை. முதலில் சூடேற வேண்டியது நடு உடல். கை கால்களை அவசரமாகச் சூடாக்கினால் அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். உணர்வு மரத்த தோல் அடுப்பருகே வெந்துபோனாலும் தெரியாது. கடையில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு பிராந்தி வாங்கி வரவா என்று கேட்டார். மது தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்யும். சூடானதுபோல் தோன்றும், ஆனால் உள்வெப்பம் வெளியேறிவிடும். அவரால் விழுங்க முடிகிறது என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, சர்க்கரை அதிகம் போட்ட டீயைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம்.

108ஐ அழைப்பதா என்பதில் இரண்டு கருத்துகள் இருந்தன. பேச்சு மேலும் குழறினாலோ, தூக்கத்தில் சரிந்தாலோ, சூடேறாமல் நடுக்கம் நின்றாலோ அந்த நொடியே அழைப்பது, இல்லையென்றால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஜீப்பில் கோத்தகிரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. என் கருத்தில், முதலிலேயே அழைத்திருந்தாலும் தவறில்லை. நிலைமை மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை மட்டும் பொறுப்பாக்கியது நல்ல ஏற்பாடு. அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்டு, பதிலைத் தாளில் குறித்துக்கொண்டே இருந்தார்.

பதின்மூன்று பேரில் அந்த 52 வயதுப் பெண்ணின் உடம்பு மட்டும் நன்றாகச் சூடாக இருந்தது. ஊட்டியில் கிளம்பும்போதே நாளிதழ் ஒன்றை மடித்து மார்பில் செருகியிருந்தார். சந்திப்பில் மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கைப்பையிலிருந்து காய்ந்த முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து, நனைந்த பனியனைக் களைந்துவிட்டுப் போட்டுக்கொண்டார். இறக்கத்தில் உடுத்த வேண்டியதை உச்சியிலேயே, குளிர் தொடுவதற்கு முன்பே உடுத்திவிட வேண்டும் என்பது அவருடைய பழக்கம்.

தொடர்ந்தவை

அரை மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் படிப்படியாகக் குறைந்தது, கைகள் சூடாக இருந்தன. 12 மணிக்கு வாடகை ஜீப்பில் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து மாலையில் அனுப்பினார்கள்.

வேனைத் திருப்பி அழைத்தது 11 மணிக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. மலைப்பாதை. ஆனால் குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே மரம் சாய்ந்து போக்குவரத்து நின்றுவிட்டது. மரத்தை அறுத்து அகற்றி வழிவிட்டபோது மதியம் 2 மணியைத் தாண்டிவிட்டது. வேன் எங்களிடம் வந்து சேர்ந்தது 3.30க்கு. அதுவரை 12 பேரும் ஊர்க்காரர்களின் கம்பளியில்தான் இருந்தோம். கட்டபெட்டில் நிற்காமல் போயிருந்தால், மரம் விழுந்த இடத்தில், கடையோ கூரையோ இல்லாத காட்டுப் பகுதியில் நனைந்தபடி நின்றிருப்போம். யானை நடமாட்டம் உள்ள பகுதியும் அது.

சைக்கிள்களைக் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டியில், இடையிடையே சாக்குக் கொடுத்துக் கட்டி, தார்ப்பாய் மூடிக் கோத்தகிரிக்குக் கொண்டுபோனோம். இரவு அங்கேயே தங்கினோம். மறுநாளும் மழை விடவில்லை. அதே வண்டியில் சைக்கிள்களும், பஸ்ஸில் நாங்களும் மேட்டுப்பாளையம் இறங்கினோம். அங்கே வெயில் அடித்தது. சத்தியமங்கலம் மண்டபத்தின் முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இளைஞரும் முழங்கையில் அடிபட்டவரும் மேட்டுப்பாளையத்திலிருந்து வீடு திரும்பினார்கள். மற்ற 11 பேர் ஒரு நாள் தாமதமாகத் திருச்சி சேர்ந்தார்கள். இளைஞர் அடுத்த மாதமே ஓட்டத் தொடங்கிவிட்டார். தொட்டபெட்டா சந்திப்பில் நின்றது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டபெட்டு வந்து சேர்ந்தது பாதிதான் நினைவிருக்கிறது.

மாற வேண்டியவை

புறப்பட்டது சரியா தவறா என்று குழுவில் இன்னும் பேச்சு நடக்கிறது. மதியம் மழை வலுத்ததையும் மரம் விழுந்ததையும் பார்த்தால் ஊட்டியிலேயே தங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் காலையில் கைவசம் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த முடிவைக் குறைசொல்ல என்னால் முடியாது. குறை காத்திருக்கும் விதியில் இருந்தது. புறப்பட்டதிலிருந்து கட்டபெட்டு வரையான 2 மணி 25 நிமிடத்தில் அந்த இளைஞர் 50 நிமிடம் மழையிலும் காற்றிலும் அசையாமல் நின்றிருக்கிறார். கடைசியில் வந்தவர்கள், விழுந்தவருக்காக நின்ற கால் மணி நேரம் தவிர, எங்குமே நிற்கவில்லை. ஒவ்வொரு முறை அவர் வேகமாக ஓட்டியதற்கும் கிடைத்தது இன்னும் நீண்ட காத்திருப்பு. பின்தங்குபவரைக் காப்பதற்காக வந்த விதி, மழையில் முன்செல்பவரைத் தண்டித்தது.

ஆகவே மழை நாளில் அந்த விதி எங்கள் குழுவில் இனி கிடையாது. ஒரே வேகமுள்ளவர்கள் மூவர் மூவராகச் சேர்ந்து போக வேண்டும், மூவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி ஓட்ட வேண்டும். கூரையுள்ள இடத்தில் மட்டுமே நிற்க வேண்டும், அந்த இடங்களை முந்தைய இரவே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மூவரிலும் ஒரு செல்பேசியாவது கேட்கும்படி மேல்பையில் இருக்க வேண்டும்.

காய்ந்த முழுக்கைச் சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி அவரவரே சுமக்க வேண்டும். சுமை அரைக் கிலோகூட வராது. மலையில் பருத்திப் பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. மலை நாளுக்கு முந்தைய இரவு எல்லாப் பிரேக் கட்டைகளையும் கண்ணால் பார்த்து, பாதி தேய்ந்ததை மாற்றிவிட வேண்டும், கூடவே ஒரு ஜோடி எடுத்துச்செல்ல வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். முடியாத ஒருவர் இருந்தாலும் அன்றைய ஓட்டம் அங்கேயே முடியும். நன்றாக இருக்கிறேன் என்று அவர் வாயால் சொல்வது கணக்கில் வராது. குளிர் முதலில் மங்கச் செய்வது அந்தத் தீர்மானிக்கும் திறனைத்தான்.

வேன் எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. குழுவுக்குப் பின்னால் வந்தால் முன்னால் போகிறவர்களுக்கு உதவாது. குறுகிய மலைப்பாதையில் சைக்கிள் வேகத்துக்கு ஊர்ந்தால் பின்னால் வரும் பஸ்களுக்கும் இடைஞ்சல். இரண்டாவது வண்டி அமர்த்தினால் ஆளுக்குச் செலவு கூடும், மாணவர்கள் சேர முடியாமல் போகும். மலை நாள்களுக்கு மட்டும் உள்ளூர் ஜீப் ஒன்றை அமர்த்தி நடுவில் வரச் செய்யலாம் என்பது இப்போதுள்ள யோசனை. அடுத்த பயணத்தை ஜனவரிக்குத் தள்ளியிருப்பதால் மழை இருக்காது, ஆனால் உறைபனி இருக்கும். ஜீப்புக்கான பணத்தை அதற்குள் சேர்க்க முயல்கிறோம்.